கெட்டிக்காரர்

ஐயா, உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். கன் ஷோ என்ற துப்பாக்கிச் சந்தையில் உங்கள் மேசையைத் தாண்டிப் போகிறவர்கள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போகிறார்கள். ஆத்திரத்தில் பேசுகிறவர்களுக்கு எதிரில் நிற்பவரின் குணம் தெரியாது. உங்களிடம் இருக்கும் குணங்களை நான் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் அறிவு. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் ரீலோடிங்காரருக்கு நான்கு பொருள் வேண்டும்: பித்தளைக் கூடு, பவுடர், புல்லட், பிரைமர். சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பலமுறை பயன்படுத்தலாம். புல்லட் இல்லையென்றால் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு பவுடர் கிடைக்காவிட்டால் கையேட்டைப் பார்த்து, அதில் போட்டிருக்கும் அளவில் இன்னொன்றுக்கு மாறலாம். பிரைமருக்கு மட்டும் மாற்று கிடையாது. பெரிய வகையே ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம்தான் மேல். அந்த உலோகக் கிண்ணத்துக்குள் அடிபட்டால் பொறி கக்கும் ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒரு தடவை வெடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. வீட்டில் செய்து பார்க்கிறவன் விரல்களை இழக்கக்கூடும். ஆயிரம் பொருள் விலைபோகும் அரங்கில், எந்த ஒன்றை மடக்கி வைத்தால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும் என்பதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அது லேசான அறிவில்லை.

அடுத்தது ஞாபகசக்தி. 2008 நவம்பரில் ஒபாமா ஜெயித்ததும் அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை அலமாரிகள் காலியானதை எல்லாரும் பார்த்தார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டபின், புதுச் சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் 2013 முழுக்க மறுபடி காலியானதையும் பார்த்தார்கள். 2016 தேர்தல் முடிந்ததும் பயம் தணிந்தது. பிரைமர் ஆயிரத்துக்கு முப்பது, முப்பத்தைந்து டாலர் என்று இறங்கியது. மற்றவர்கள் பஞ்சத்தை மறந்தார்கள். நீங்கள் மறக்கவில்லை. நாட்டில் ஒரு துக்கம் நடந்தால் எத்தனை வாரத்தில் அலமாரி காலியாகும் என்பதை மனத்தில் குறித்து வைத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் 2020 வந்தது. நோய்த்தொற்று, தெருக் கலவரம், தேர்தல் மூன்றும் ஒரே ஆண்டில். துப்பாக்கிகளுக்காக எஃப்பிஐ அந்த ஆண்டு நடத்திய பின்னணிச் சோதனைகள் ஏறக்குறைய 3 கோடியே 97 லட்சம். அதற்கு முந்தைய ஆண்டு 2 கோடியே 84 லட்சம்தான். முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்று அந்தத் தொழிலின் சங்கமே கணக்குச் சொன்னது. ஆளுக்கு இரண்டு பெட்டித் தோட்டா கேட்டாலும் எங்கே போவது? அமெரிக்காவில் பிரைமரைப் பெரிய அளவில் செய்தவர்கள் அப்போது நான்கே பேர்: ஐடஹோவில் சிசிஐ, மினசோட்டாவில் ஃபெடரல், பிறகு வின்செஸ்டர், ரெமிங்டன். அந்த ரெமிங்டனும் 2020 ஜூலையில் திவால் மனு போட்டது. மற்றவர்கள் செய்த பிரைமர் முதலில் தங்கள் சொந்தத் தோட்டாக்களுக்குள் போனது. அதில்தான் அவர்களுக்கு லாபம் கூடுதல். தனியாகப் பெட்டியில் விற்கும் பிரைமர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தது. இந்தப் பஞ்சத்தை உண்டாக்கியது நீங்கள் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்வேன்.

வந்துசேர்ந்த கொஞ்சத்தை என்ன செய்தீர்கள் என்பதில்தான் உங்கள் உழைப்பு தெரிகிறது. விளையாட்டுப் பொருள் கடைக்கு எந்தக் கிழமை லாரி வரும் என்று உங்களுக்குத் தெரியும். கதவு திறக்க இரண்டு மணி நேரம் முன்பே, குளிரில், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று கடைக்காரர் அட்டை எழுதி வைத்தார். அந்த விதியை நீங்கள் ஒருநாளும் மீறவில்லை. மனைவியை அழைத்து வந்தீர்கள், மகனை அழைத்து வந்தீர்கள், ஆளுக்கு ஒரு பெட்டிதான் எடுத்தீர்கள். ஆலையில் ராத்திரி வேலை முடித்து எட்டரைக்கு வந்து வரிசையில் நின்றவரால் அப்படிக் குடும்பத்தைத் திரட்ட முடியவில்லை. அவருக்கு உங்கள் சுறுசுறுப்பு இல்லை.

கன் ஷோவிலும் அப்படியே. ஓக்லஹோமாவின் டல்சாவில் கூடும் வானன்மாக்கர் ஷோவைப் போலச் சுமார் 4,000 மேசை போடும் பேரரங்குகள் சில உண்டு. பெரும்பாலானவை நம் ஊர்ப்புறத்தில் கூடுவது போலக் கண்காட்சித் திடலின் தகரக் கூரை ஹாலில், சனி ஞாயிறு இரண்டு நாள் நடப்பவை. பொதுமக்களுக்குச் சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கதவு திறக்கும். மேசைக்காரர்கள் முந்தின நாளே உள்ளே வந்துவிடலாம். நீங்கள் சாமானை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. மற்ற மேசைகளைச் சுற்றி வருவீர்கள். இறந்துபோன கணவரின் ரீலோடிங் சாமானை விலை தெரியாமல் கொண்டுவந்து வைத்திருக்கும் பெண்மணி யார், பழைய விலையிலேயே பிரைமர் விற்க நினைக்கும் பெரியவர் யார் என்று பார்த்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாவற்றையும் ரொக்கம் கொடுத்து வாங்கி முடிப்பீர்கள். ஒரு டாலர் கடன் சொன்னதில்லை. மறுநாள் காலை நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர் அரங்கில் எங்கே சுற்றினாலும் உங்கள் மேசைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

உங்கள் கணக்குக்கும் தலை வணங்குகிறேன். பிரைமரைக் கூரியர் வண்டியில் வரவழைத்தால் ஆபத்தான சரக்கு என்று ஒவ்வொரு பார்சலுக்கும் இருபது முதல் நாற்பது டாலர் தனிக்கட்டணம் விழும். அதை மிச்சம் பிடிக்கத்தான் சாதாரண ரீலோடிங்காரர் கன் ஷோவுக்கு வருகிறார். அவர் மிச்சம் பிடிக்க நினைத்தது எவ்வளவு என்று உங்களுக்கு டாலர் சுத்தமாகத் தெரியும். அதற்கு மேலும் எவ்வளவு தாங்குவார் என்பதும் தெரியும். 2021 வசந்தத்தில் உங்கள் மேசையில் ஆயிரம் பிரைமர் இருநூறு டாலர்.

பாதுகாப்பு விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. வீட்டில் பத்தாயிரம் பிரைமருக்கு மேல் வைக்கக் கூடாது என்று அமெரிக்கத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு சொல்கிறது. உங்கள் வீட்டில் பத்தாயிரம்தான். மிச்சத்தைத் தம்பி வீட்டிலும் மாமியார் வீட்டிலும் பிரித்து வைத்திருப்பதாக நீங்களே சொன்னீர்கள். ஈரம் படாத இடம், வெயில் படாத அலமாரி. தொண்டைமானின் படைக்கொட்டிலில் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளவென்று இருந்ததை ஔவை நின்று மெச்சினாள். உங்கள் பெட்டிகளிலும் ஒரு முத்திரைகூட உடையவில்லை. அதியமானின் வேல்களைப் போலத் தேய்ந்தும் வளைந்தும் கொல்லன் பட்டறையில் கிடக்கும் சாமான் எதுவும் உங்களிடம் கிடையாது. தோட்டா நிரப்பும் பிரஸ் உங்கள் வீட்டில் இல்லை என்பதையும் நீங்கள் மறைத்ததில்லை.

மறைக்காத இந்தக் குணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிசிஐ 200 என்று அச்சிட்ட பெரிய ரைஃபிள் பிரைமர் பெட்டி ஒன்று ஒருநாள் உங்கள் மேசையின் ஓரத்தில் இருந்தது. மேலே மறைப்பு நாடாவில் கறுப்பு மையால் நீங்கள் எழுதிய 200. பக்கவாட்டில் கடையின் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது: 34.99. வேறொருவர் என்றால் அதை நகத்தால் சுரண்டி எடுத்திருப்பார். நீங்கள் எடுக்கவில்லை. வாங்குகிறவர் இரண்டு எண்ணையும் ஒரே பார்வையில் படிக்கலாம்.

அன்று அப்படிப் படித்தவர்களில் ஒரு முதியவரும் இருந்தார். கையில் பழைய காபி டப்பா. அதற்குள் ‘முந்நூறு சாவேஜ்’ என்ற ரகத்தின் காலிக் கூடுகள், உரசி உரசித் தங்கம் போல. அந்த ரகத் தோட்டாவைக் கம்பெனிகள் நல்ல காலத்திலேயே அபூர்வமாகத்தான் செய்கின்றன. பஞ்ச காலத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரைப் போன்றவர்களுக்கு ரீலோடிங் பொழுதுபோக்கு இல்லை, துப்பாக்கி பேச அது ஒன்றுதான் வழி. பேரப்பிள்ளை நவம்பரில் முதல்முறையாக மான் வேட்டைக்கு வருகிறான், இருபது பிரைமர் போதும் என்றார். நீங்கள் கோபப்படவில்லை, பரிகாசம் செய்யவில்லை. “சார், பெட்டியைப் பிரித்தால் அதன் மதிப்பு போய்விடும், வேண்டுமானால் நூறு தருகிறேன், நாற்பது டாலர்” என்று பணிவாகச் சொன்னீர்கள். பிரித்தால் மதிப்பு போகும் என்ற பெட்டிக்கு நூறுக்கான விலையும் தயாராக வைத்திருந்தீர்கள். அதுவும் முன்யோசனைதான். ஆயிரமாக வாங்குகிறவர் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு அது என்பதை அவர் கணக்குப் போட்டாரா என்று தெரியவில்லை. டப்பாவின் மூடியைத் திருகி மூடிக்கொண்டு நடந்தார். எனக்கு நெஞ்சு கொதித்தது. உங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த நிதானம் எல்லாருக்கும் வாய்க்காது.

சட்டமும் உங்கள் பக்கம். 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தோட்டா விற்பதற்கே கூட்டாட்சி அரசின் உரிமம் தேவையில்லை. பிரைமருக்கு யார் கேட்பது? “வேண்டாதவர் வாங்க வேண்டாம், நான் யார் கையையும் முறுக்கவில்லை” என்பீர்கள். உண்மைதான். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, கலப்படம் செய்யவில்லை, எடை குறைக்கவில்லை. ஐடஹோவில் ஈர மருந்தைக் கிண்ணத்தில் நிரப்பும் தொழிலாளிக்கு அந்த 34.99இல் ஒரு பங்கு போனது. ஆலைக்குப் போனது, லாரிக்குப் போனது, கடைக்குப் போனது. மீதி 165 டாலர் முழுவதும் உங்கள் விடியற்காலைகளுக்கு மட்டும் போனது. ஒரு பொருளைச் செய்யாமல், மாற்றாமல், திறந்துகூடப் பார்க்காமல், ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் கொண்டுபோனதற்கு இவ்வளவு கூலி வாங்கிய உழைப்பாளியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2023 வாக்கில் பிரைமர் மெல்ல அலமாரிக்குத் திரும்பியது. பழைய விலைக்கு இல்லை. முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆயிரம் பிரைமருக்கு எழுபது, எண்பது டாலர் கொடுத்தவர் மலிவாகக் கிடைத்தது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். மலிவு என்பது எது என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2024இல் நைட்ரோசெல்லுலோஸ் தட்டுப்பாட்டால் பவுடர் சுருங்கத் தொடங்கியபோது உங்கள் மேசையும் மாறியிருந்தது. ஒரு பவுண்டு டப்பா என்பது 7,000 கிரெய்ன். பெரிய ரைஃபிள் தோட்டா ஒன்றுக்கு ஐம்பது கிரெய்னுக்கு மேல் போகும், நூற்று முப்பது தோட்டாவோடு டப்பா காலி. வேட்டைக்காரருக்கு ஒரு டப்பா போதாது, இரண்டாவதற்கு வந்தே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அடுக்கியிருந்தீர்கள். டப்பாக்களுக்குப் பக்கத்தில், இதுவரை உங்களிடம் பார்த்திராத சாமான்: ரீலோடிங் பிரஸ்கள். பச்சையும் சிவப்புமாக ஏழெட்டு இருக்கும். சிலவற்றின் கைப்பிடியில் வண்ணம்கூடத் தேயவில்லை. 2020இல் ஆசையாக வாங்கி, ஒரு பெட்டி பிரைமர் கிடைக்காமல் சலித்துக் கைவிட்டவர்களுடையவை என்று நீங்களே விளக்கினீர்கள். பாதி விலைக்கு வாங்கியதாகவும், முக்கால் விலைக்குக் கொடுப்பதாகவும், பிரஸ் எடுக்கிறவருக்குப் பிரைமரில் பத்து டாலர் தள்ளுபடி என்றும் சொன்னீர்கள்.