பதுளை வானில் ஒரு சுருள் மண்டலம்

கேள்வி: தூரத்துச் சுருள் விண்மீன் மண்டலத்தைப் பார்க்க வெளிநாட்டுக்கா போகவேண்டும்?

பதில்: வேண்டாம், பதுளை வாசலே போதும். 1783இல் கரோலின் ஹெர்ஷல் இங்கிலாந்திலிருந்து கண்டுபிடித்த சிற்பி என்ற சுருள் மண்டலம், அங்கே அடிவானத்திலிருந்து 13 பாகைதான் எழும்பும். இங்கே 58 பாகை! பதுளை இருக்கும் ஊவாவில் மழைமேகம் மறைக்குமே என்பீர்கள். அந்த மழை ஐப்பசி, கார்த்திகைக்கு உரியது. தேயிலைக்கு மணமேற்றும் வறண்ட காற்று வீசும் ஆகஸ்ட் கடைசியில், நிலவில்லாத இரவு இரண்டு மணிக்கு, லயத்து விளக்குகளை விட்டு விலகித் தெற்கே பாருங்கள். பெரிய தொலைநோக்கிக்குக் காசில்லையா? சாதாரண பைனாகுலரிலேயே இழுத்துவிட்ட பஞ்சுக் கீற்றுப்போலச் சாய்ந்து கிடக்கும். அந்த ஒளி புறப்பட்டு ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்.