ஒன் மோர்

1994-ல், ஆடி பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது, வடபழனிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் தியேட்டருக்கு அம்மன் பாட்டு கேசட்டில் கோரஸ் பாடப் போனோம். எங்கள் தெரு பஜனை கோஷ்டியிலிருந்து நான்கு பேர். அதில் மூத்தவர் கடம் வாசிக்கும் தாத்தா. முதல் டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெக்கார்டிஸ்டின் குரல் ஸ்பீக்கரில் வந்தது: "ஒன் மோர்."

தாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. வெயிலில் பஸ் மாறி வந்தவர். "பரவால்லையே, மனுஷன் குறிப்பறிஞ்சு கேக்குறான்" என்றார். இரண்டாவது டேக் முடிந்தது. "ஒன் மோர்." மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவது டேக்குக்குப் பிறகு தாத்தா என் காதருகே குனிந்தார். "ஏன்டா தம்பி, சொல்றானே ஒழிய ஒரு டம்ளர்கூட வந்து சேரலையே?"

அன்றைக்கு அவருக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. பிறகு பழைய கதைகளைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, அந்த மோர் இந்த நாட்டில் தொண்ணூறு வருஷமாக யாருக்கும் வந்து சேரவில்லை என்று.

முதலில் ஏமாந்தவர்கள் கல்கத்தாக்காரர்கள். 1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனி, ஃப்ரெட் கைஸ்பர்க் என்ற 29 வயது அமெரிக்கரைக் கப்பலேற்றி அனுப்பியது. கப்பலின் பெயர் கோரமண்டல். சோழமண்டலம் வெள்ளைக்காரன் வாயில் விழுந்து எழுந்தால் அப்படித்தான் இருக்கும். பெயரை மட்டும் நம்மிடம் வாங்கிக்கொண்டு கப்பல் நேரே கல்கத்தாவுக்குப் போய்விட்டது. நமக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அங்கே ஓர் அறையில் கைஸ்பர்க் கடையைப் பரப்பினார். மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரப் புனல். எண்ணெய்க்கடைப் புனலுக்குப் பெரியப்பா மாதிரி. அதன் குறுகிய முனையில் ஒரு சவ்வு, சவ்வில் ஓர் ஊசி, ஊசிக்கு அடியில் சுற்றும் மெழுகுத் தட்டு. புனலுக்குள் கத்தினால் சவ்வு அதிரும், ஊசி மெழுகைக் கீறும். விஞ்ஞானம் அவ்வளவுதான். தலை கொஞ்சம் பின்னால் போனால் குரல் பதியாது, உச்சஸ்தாயியில் முன்னால் வந்தால் ஊசி குதித்துவிடும். ஆகவே பாடுபவர் மேலே போகும்போது பின்வாங்க வேண்டும், கீழே இறங்கும்போது புனலுக்குள் முகத்தைக் கொடுக்க வேண்டும். கிணற்றில் விழுந்த சொம்பை எட்டிப் பார்ப்பவரின் பாவனை. இந்த நிலையில் பாவம், கமகம், ரசம் எல்லாம் வேண்டுமாம்.

தும்மினால் தட்டு காலி. பக்கவாத்தியக்காரர் கனைத்தால் காலி. சரியாக வந்ததா என்று போட்டுக் கேட்டாலும் காலி. மெழுகைத் திரும்ப ஓட்டினால் ஊசியே அதை உழுதுவிடும். பாடியவருக்குத் தன் பாட்டைக் கேட்க, மெழுகு கடல் கடந்து போய் இசைத்தட்டாகத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். கடிதம் போட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்காகக் காத்திருந்த தலைமுறை அது; பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தப் புனலுக்கு முன்னால் 1902 நவம்பரில் வந்து நின்றவர் பாடகி கௌஹர் ஜான். ஒரு தடவை போட்டு வந்த நகையை மறுதடவை அவர் போட்டு வரவில்லை என்று கைஸ்பர்க் வியந்து எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மாளுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் மூன்று நிமிஷம். விடிய விடிய சபையை ஆண்டவருக்கு மூன்று நிமிஷம்! அதற்குள் ராகத்தைக் காட்டி, பாட்டைப் பாடி, பிர்காவையும் உதிர்த்துவிட்டு, கடைசியில் இரண்டு நொடி மிச்சம் பிடித்து ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: "மை நேம் இஸ் கௌஹர் ஜான்!"

ரசிகர்கள் இதைப் பெரிய பந்தாவென்று நினைத்தார்கள். காரணம் வேறு. மெழுகுகள் போய்ச் சேர வேண்டிய இடம் ஜெர்மனியின் ஹானோவர். அங்கே தட்டை அச்சடித்து லேபிள் ஒட்டுகிறவருக்கு டும்ரி எது, தாத்ரா எது, பாடியது யார் என்று எப்படித் தெரியும்? காய்கறி மூட்டையின் மேல் ஊர்ப்பெயர் எழுதி அனுப்புவதுபோல் பாட்டின் வாலில் பெயரைக் கட்டி அனுப்பினார்கள். விலாசத்தைத்தான் நாம் இத்தனை காலம் கலை என்று ரசித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒன்று: அதே அம்மாள் 1930-ல் மைசூரில் கண்ணை மூடியபோது பழைய செல்வாக்கு எதுவும் கூட இல்லை. அந்த விலாசம் மட்டும் இன்றைக்கும் கீறல் சத்தத்தோடு கணீரென்று கேட்கிறது.

புனல் ஒரு வழியாகத் தெற்கேயும் வந்து சேர்ந்தது. நம் வித்வான்களில் பலருக்கு அதைப் பார்த்ததும் ஆகவில்லை. குரலைத் தட்டு உறிஞ்சிக்கொள்ளும், கண்ட கண்ட இடத்தில் கண்டவன் கேட்பான் என்று வெளியே காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் மூன்று நிமிஷம்தான் என்பது என் கட்சி. ஒரு வித்வான் மேடையேறி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்து, தம்புராக்காரரை முறைத்து, வெற்றிலையை ஓரம் கட்டி, தொண்டையைச் செருமி, முன்வரிசை மிராசுதாருக்கு ஒரு கும்பிடு போடவே ஆறு நிமிஷம் ஆகும். அதாவது, இசைத்தட்டின் இரண்டு பக்கமும் செருமலிலேயே முடிந்துவிடும்.

பெண்கள் இந்த வம்பெல்லாம் பேசவில்லை. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்று வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். ஆண்கள் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்த நேரத்தில் சரித்திரத்தில் இவர்கள் இடம் போட்டுவிட்டார்கள். மிருதங்கக்காரரைத்தான் புனலிலிருந்து தள்ளி உட்கார வைத்தார்கள்; ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் ஊசி துள்ளுமே. அந்த இசைத்தட்டுகளில் மிருதங்கம் அடுத்த தெருவில் யாரோ பாயைத் தட்டுவதுபோல் கேட்கும். மேலை நாட்டில் வயலினுக்கே ஒரு புனல் கட்டி 'ஸ்ட்ரோ வயலின்' என்று ஒரு ஜந்துவை உருவாக்கினார்கள். மிருதங்கத்துக்குப் புனல் கட்ட யாருக்கும் தோன்றாதது நம் புண்ணியம்.

இந்தப் பாட்டுக்கெல்லாம் பலன் என்ன? கோயம்புத்தூர் தாயிக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். மாரிஸ் டெலாஜ் என்று பாரிஸில் ஓர் இசைக்காரர், இசையமைப்பாளர் ராவெலின் சிநேகிதர். குடும்பத் தொழில் ஷூ பாலிஷ். அந்த வியாபாரத்தை ஒட்டி 1912 வாக்கில் இந்தியா வந்தவர், தாயியின் பாட்டில் மயங்கிப்போனார். ஊருக்குப் போகும்போது இசைத்தட்டுகளையும் கொண்டுபோனார். தாயி பாடிய அருட்பா இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, அதை அடியொற்றி 'ராகமாலிகா' என்று ஒன்றை எழுதினார். நம் தாளவாத்தியத்தின் சத்தம் பியானோவில் வர வேண்டுமே? ஒரு ஸ்வரத்தின் தந்திகளில் அட்டையைச் செருகிவிட்டார். பியானோவுக்குள் சாமான்களைச் செருகி வாசிப்பது பின்னாளில் அமெரிக்காவில் பெரிய புரட்சியாகக் கொண்டாடப்பட்டது. புனலிலிருந்து தள்ளி உட்கார வைக்கப்பட்ட ஒரு மனிதரின் 'தொம்' எங்கே போய் எப்படிப் பழிவாங்கியிருக்கிறது பாருங்கள்.

1925-ல் மைக் வந்தது, கத்துவது நின்றது. தொல்லை நின்றதா? இப்போது எல்லாமே பதிந்தது, அதுதான் புதுத் தொல்லை. 1934-ல் 'சீனிவாச கல்யாணம்' சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும்படமாக வந்தது. எடுத்தவர் ஏ. நாராயணன். ஒலிப்பதிவு அவர் மனைவி மீனா நாராயணன். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்து, ஹீரோவைப் பார்த்து "சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்றிருப்பார். நினைக்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது ஹீரோவோடு இல்லை, காக்காய்களோடு. படப்பிடிப்பு சூரிய வெளிச்சத்தில். பாட்டும் பேச்சும் அங்கேயே நேரடியாகப் பதிவு. பெருமாள் தாயாரிடம் உருகும்போது மரத்திலிருந்து "கா". காக்கா விரட்ட என்றே துப்பாக்கியோடு ஓர் ஆங்கிலோ இந்தியரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்றும், படத்தின் டைட்டிலில் அவர் பெயரையும் போட்டார்கள் என்றும் பழைய சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. போட்டிருந்தால் நியாயம்தான். பக்கவாத்தியக்காரர்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. செடி மறைவில், மர மறைவில் கேமரா கண்ணில் படாமல் குந்தியபடி ஆர்மோனியத்தையும் தபலாவையும் வாசித்தார்கள்.

ஏவி. மெய்யப்பன் 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் பின்னணி முறையைக் கொண்டுவந்தார். செடிமறைவு வித்வான்கள் அதன் பிறகு மெல்ல மெல்லக் கட்டடத்துக்குள் வந்தார்கள். அங்கே வேறு சட்டம்: ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்க, கடைசி வரியில் ஒரே ஒரு வயலின் பிசகினால் ஐம்பது பேரும் முதலிலிருந்து. "ஒன் மோர்" என்ற சொல்லுக்குப் பல்லும் நகமும் முளைத்தது அப்போதுதான். பிசகியவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வேறெங்கோ பார்ப்பார்கள்.

ஆள் சரியாக இருந்தால் மின்சார வாரியம் இருக்கிறது. 'அன்னக்கிளி' படத்தின் முதல் பாட்டுப் பதிவில் எல்லாம் தயாராகி, புது இசையமைப்பாளர் இளையராஜா ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்கிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வாத்தியக்காரர்களில் ஒருவர் "நல்ல சகுனம்" என்று வேறு சொல்லிவைத்தார். 1976-ல் படம் வந்த பிறகு அந்தச் சகுனம் எவ்வளவு நல்லது என்பது தெரிந்தது. சொன்னவர் கிண்டலாகச் சொன்னார். தெய்வத்துக்குக் கிண்டல் புரிவதில்லை.

எங்கள் கேசட்டுக்கு வருகிறேன். ஏசி சத்தம் மைக்கில் விழுகிறதென்று ஒவ்வொரு டேக்குக்கும் அணைத்துவிட்டார்கள். ஏழாவது டேக்கில் தாத்தா கடத்தைப் பிடித்திருந்த கையே வியர்வையில் வழுக்கியது. எட்டாவது டேக் அற்புதமாக வந்தது. கடைசி "ஓம் சக்தி"க்கும் முத்தாய்ப்புக்கும் நடுவில், காலையிலிருந்து நான் அடக்கி வைத்திருந்த இருமல் ஒன்று வெளியே வந்துவிட்டது. சின்னது. "க்கும்." அவ்வளவுதான்.

எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

ஸ்பீக்கரில் நெடுநேரம் சத்தமே இல்லை. தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கால்ஷீட் முடிய ஐந்து நிமிஷம். தாண்டினால் அடுத்த கால்ஷீட்டுக்கும் வாடகை கட்ட வேண்டும். "ஓகே" என்றது குரல். தாத்தா எழுந்து, "அப்ப மோர் கிடையாதா?" என்றார். ஆளுக்கு 75 ரூபாயும் தயிர்சாதப் பொட்டலமும் கொடுத்தார்கள்.

கேசட் அட்டையில் எங்கள் யார் பெயரும் இல்லை. தாத்தா போய்ப் பல வருஷமாகிறது. இப்போதும் ஆடி வெள்ளிக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் விடிகாலை நாலரைக்கு அதே பாட்டைத்தான் போடுகிறார்கள். யாரோ பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், தாத்தாவின் கடம் உருண்டு வந்து நிற்கிற இடத்தில், நான்கு தெருவுக்கும் கேட்கிற மாதிரி என் இருமல் வருகிறது. என் மனைவி தூக்கத்திலேயே "தண்ணி குடிங்க" என்கிறாள்.