கீமோவும் கவுண்ட்டும்: கேள்வி - பதில்

தேனி வாசகி: அம்மாவுக்குக் கீமோ முடிந்து பத்து நாள். வெள்ளையணு 1,800 என்று ரிப்போர்ட். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

எதிர்பார்த்த இறக்கம்தான். வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்கும்; புற்றுநோய் செல்லோடு, வெள்ளையணுவை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். பெரும்பாலான மருந்துகளில் ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையே கவுண்ட் அடிமட்டம் தொட்டு, மூன்று நான்கு வாரத்தில் மீளும். பல கீமோக்களுக்கு 21 நாள் இடைவெளி விடுவது இதற்காகத்தான். மொத்தக் கணக்கைவிட, வெள்ளையணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் கணக்கைப் பாருங்கள். 1,800இல் பாதி நியூட்ரோஃபில் என்றால் 900. அது 500க்குக் கீழே போனால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

கரூர் வாசகர்: மாதுளை, ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் கவுண்ட் ஏறுமா?

ஏறாது. தெம்புக்காகக் கொடுங்கள், நன்றாக வேகவைத்து, சூடாக. பழத்தைக் கழுவித் தோலுரித்துக் கொடுங்கள். பப்பாளி இலைச் சாறு உட்பட எந்தப் பச்சிலைச் சாறும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கொதிக்காத சாற்றில் கிருமி இருக்கலாம்.

நாகர்கோவில் வாசகி: கவுண்ட் ஊசி போட்டதும் இடுப்பெலும்பு வலி உயிரை எடுக்கிறது. ஊசி அவசியமா?

அது ஜி-சிஎஸ்எஃப். மஜ்ஜையை முடுக்கி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்ய வைக்கும். அந்த முடுக்கம்தான் வலி. மெல்போர்னில் விஞ்ஞானி டொனால்ட் மெட்காஃப் குழுவினர் பல்லாண்டு ஆராய்ந்ததன் பலன் இது. இந்த வகையில் ஃபில்கிராஸ்டிம் ஊசிக்கு அமெரிக்கா 1991இல் அனுமதி தந்தது. தினமும் போடும் ஊசி உண்டு, கீமோ சுற்றுக்கு ஒன்றே போதுமான 'பெக்' ஊசியும் உண்டு. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்தே போடுவது வழக்கம். எல்லோருக்கும் தேவைப்படாது. எந்தக் கீமோ, என்ன வயது, முன்பு காய்ச்சல் வந்ததா என்று பார்த்து டாக்டர் முடிவெடுப்பார். வலியைச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

கடலூர் வாசகர்: ரத்தம் ஏற்றுவது போல வெள்ளையணு ஏற்ற முடியாதா?

மிக அரிதாகவே செய்வார்கள். ஏற்றிய நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் சில மணி நேரமே தாங்கும்.

திருச்சி வாசகி: அப்பாவைப் பார்க்க உறவுக்காரர்கள் வரலாமா?

சளி, இருமல் உள்ளவர்கள் போனில் பேசட்டும். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும்.

சேலம் வாசகர்: கீமோ போட்ட அண்ணனுக்கு ராத்திரியில் 101 டிகிரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் போகலாமா?

கூடவே கூடாது. நியூட்ரோஃபில் குறைந்த உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. கிருமி புகுந்ததற்குப் பல நேரம் காய்ச்சல் ஒன்றே அடையாளம். அதையும் மாத்திரை மறைத்துவிடும். விடிவதற்குள் கிருமி ரத்தத்தில் பரவி பிபி இறங்கிவிடலாம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது டாக்டர்களின் இலக்கு. கேசுவாலிட்டியில் முதல் வார்த்தையே "கீமோ நடக்கிறது, காய்ச்சல்" என்று இருக்கட்டும். குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் போங்கள்.

கீமோ நடக்கும் வீட்டார் இன்றே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஆஸ்பத்திரியின் இரவு நேர எண்ணைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். 100.4 டிகிரி தொட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.