ஆறுமுகத்தின் கை நீளம்

ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று சொல்லிக்கொள்ள இரண்டே இடங்கள்தான்: ஒன்று பெரட்டுக்களம், இன்னொன்று தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருந்த அரைகுறைத் திடல். பந்து அந்தத் திடலைத் தாண்டிவிட்டால் செடிகளுக்கு நடுவே உருண்டு உருண்டு கீழ் லயம் வரைக்கும் போய்விடும். அதைத் தேடி எடுத்துவர ஒரு பொடியனை அனுப்பிவிட்டு, பனிமூட்டம் மெல்ல இறங்கி எதிர்க் கோல்கம்பத்தை விழுங்குவதைப் பார்த்தபடி நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான், மலேசியக் காற்பந்துக் குழுவில் இதுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்ற வழக்கு தினமும் விசாரணைக்கு வரும்.

எழுபதுகளின் கடைசி அது. மொக்தார் டஹாரி கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். 'தவுக்கே' சோ சின் ஆனுக்கும் சந்தோக் சிங்குக்கும் தற்காப்பு ஆடுகிற பையன்கள் வாதாடுவார்கள். நான் கோல்கீப்பர், ஆகவே ஆர். ஆறுமுகம் கட்சி. ஆகவே என்று சொல்வது பாதிப் பொய். என் தாய்மாமன் பெயரும் ஆறுமுகம் என்பதுதான் மீதிக் காரணம். எங்களில் ஒருவன்கூட மெர்டேக்கா அரங்கை மிதித்ததில்லை. சாட்சியம் என்று இருந்ததெல்லாம் கிராணி வீட்டு ரேடியோவும், கருவாடு சுற்றி வந்த பழைய 'தமிழ் நேச'னும்தான். அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு, நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கிய மனிதருக்கு நின்றால் விரல் முட்டியைத் தொடும் என்று நான் அடித்துச் சொன்னேன். மறு வாரம் அது முட்டியையும் தாண்டிவிட்டது.

"அண்ணே, கோல் போட்டாத்தானே ஜெயிக்க முடியும்? தடுத்தா டிராதானே?" என்பான் மொக்தார் கட்சிக்காரன். இன்றுவரை அதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

அந்நேரம் மேல் நிரைகளிலிருந்து எங்கள் அம்மாக்கள் கூடையோடு இறங்கி வருவார்கள். அவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. தராசில் மாட்டினால் முள் சொல்லிவிடும், இன்றைக்கு யார் கை வேகமான கை என்று. ஈரத்துக்கென்று கழிக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் வரும். எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு அம்மா ஒருநாள், "யாரு பெரியவன்னு தெரியலைன்னா தராசுல தூக்கி மாட்டுங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

1980 ஏப்ரலில் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் வாசலில் நின்றவர் என் ஆள்தான். வழக்கு முடிந்தது என்று துள்ளினேன். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது, வழக்கும் ஒத்திவைக்கப்பட்டது. 1983-இல் வந்தது வேறு சங்கடம். நாங்கள் இருப்பது பகாங், பஸ் போய் இறங்குவது பேராவின் தாப்பாவில், என் மனசு கிடந்ததோ ஆறுமுகத்தின் சிலாங்கூரில். அந்த வருடம் பார்த்து பகாங் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது, அதுவும் சிலாங்கூரைத் தோற்கடித்து. திடலே ஆட, நான் மட்டும் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். அப்புறம் 1988 டிசம்பரில் சாலை விபத்து ஆறுமுகத்தை 35 வயதில் கொண்டுபோயிற்று. 1991-இல் மொக்தாரும் போனார், அவருக்கு 37. கொஞ்ச காலம் யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அந்தச் சரிவில் இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற வெட்டும் இயந்திரம் ஓடுகிறது. வங்காளதேசத்துத் தம்பிகள் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் பை காற்றடைத்த பூதம்போல் உப்பிக்கொண்டு போகிறது. எடை முன்னைவிட அதிகம்தான், ஆனால் அது யார் கை என்று எந்தத் தராசும் சொல்லாது. கணக்கெல்லாம் மலையிலிருந்து இறங்கி விளையாட்டுக்குள் புகுந்துகொண்டது. என் பேரன் கூடைப்பந்துக்காரன் (எங்களுக்குக் கூடை என்றால் முதுகில் தொங்குவது). மைக்கேல் ஜோர்டனா லெப்ரான் ஜேம்ஸா என்று கேட்டால், பந்து கீழ் லயத்தைத் தொடுவதற்குள் கைப்பேசியில் புள்ளிவிவரம் காட்டி வழக்கை முடித்துவிடுகிறான்.

போன மாதம் எங்கள் வழக்கையும் அவனிடம் கொடுத்தேன். மொக்தார் 142 ஆட்டம், 89 கோல் என்றான். இன்னொரு கணக்கில் 125 என்றான். அந்தத் தராசிலும் ஈரத்துக்குக் கழிக்கிறார்கள் போலிருக்கிறது.

"சரி, ஆறுமுகம் எத்தனை பந்து தடுத்தாராம்?"

தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். "அது போடலையே, தாத்தா."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. "நின்னா அவருக்குக் கை முட்டிக்குக் கீழ வரும், தெரியுமா?"

கைப்பேசியை மடியில் வைத்தான். "எவ்வளவு கீழ?"

எழுந்து நின்று, இடுப்பு வலியைப் பார்க்காமல் நன்றாகக் குனிந்து, காட்டினேன்.