தறியடியில் படித்த நாவல்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் மேல்தட்டில், ஆள் கண்ணுக்கு நேராக, நான் வைத்திருப்பவை ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல். கெட்டி அட்டை போட்ட நல்ல பதிப்புகளெல்லாம் கீழ்த்தட்டில்தான். ஒரு காலத்தில் அரிசிப் பானைக்குப் பின்னாலும், மடித்து வைத்த பாய்க்குள்ளும் ஒளிந்து கிடந்த புத்தகங்கள் இவை. பள்ளிக்கூடத்தில் பைக்குள் இவற்றில் ஒன்று அகப்பட்டால் வாத்தியார் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவார். இன்று அதே ஊரில் ஆசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளை செல்போனை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கதைப் புத்தகமாவது படிக்கட்டும் என்று கெஞ்சுகிறார்கள்.

செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம். வந்தவாசி சாலை பாலாற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் ஊர். ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்ததாகச் சொல்லும் சாலைக்கிணறு இங்கேதான். தனிப் பேரூராட்சியாக இருந்தது, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. தறி ஓடாத பகல் என்றால் அமாவாசை, இல்லாவிட்டால் தெருவில் சாவு.

அப்பா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆகவே பள்ளி விட்டு வந்ததும் தூணில் சாய்ந்து உட்கார்ந்து நான் உரக்கப் படிக்க வேண்டும். தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும் என்பதால் எனக்கு இன்றைக்கும் தொண்டை பெரிது. "அப்புறம் இன்னா ஆச்சி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். கதையே கேட்காதவர் போல அப்பா நாடாவைத் தள்ளிக்கொண்டிருப்பார். ஆனால் கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற இடம் வந்தால் மிதி தானாக நின்றுவிடும். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். மறுபக்கம் கோர்வை போட வந்து உட்காரும் பையனும் வாயைத் திறந்தபடி நிற்பான். ஒரு நாவல் முடிகிற நாளில் ஒரு விரற்கடை சேலை குறைவாகத்தான் ஏறும். அதற்காக அப்பா ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

புத்தகம் வாங்குவது சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில். காஞ்சிபுரம் பேருந்து நிலையக் கடையில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். ராணிமுத்து 1969-இல் வந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு முழு நாவல். ஏற்கெனவே புத்தகமாக வந்து பேர் வாங்கிய பெரிய எழுத்தாளர்களின் நாவல்களைச் சுருக்கிக் கொடுத்தார்கள். இலக்கியத்தைச் சுருக்கலாமா என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு அகிலனின் நாவலை முழு விலைக்கு வாங்கும் வசதி இருந்தது. எங்கள் தெருவுக்கு அந்தப் பெயர்கள் வந்து சேர்ந்த ஒரே வழி அந்த ஒரு ரூபாய்தான். பிறகு குமுதம் குழுமத்தின் மாலைமதி, 1980-களில் ஜி. அசோகனின் பாக்கெட் நாவல் என்று பெருகியது. கோவையிலிருந்து ராஜேஷ்குமார், பரத் சுசீலாவோடு பட்டுக்கோட்டை பிரபாகர், நரேந்திரன் வைஜயந்தியோடு சுபா. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள் என்று தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பதும் உண்டு. அப்படி வீட்டில் சேர்ந்ததுதான் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', 1980-களின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்த தொடர். பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்த்தும் மல்லுக்கட்டும் கதை. ஒளியால் ஆளின் உருவத்தையே காற்றில் நிறுத்திக் காட்டலாம், அதற்கு ஹோலோகிராம் என்று பெயர் என்பதை நான் தெரிந்துகொண்டது அதில்தான். என் அறிவியல் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லே கிடையாது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமிக்கு லேசர் ஒளியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை.

அம்மாவுக்குச் சுஜாதா அவ்வளவாகப் பிடிபடவில்லை. அவளுக்கு லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன். சிவசங்கரியின் '47 நாட்கள்' படித்துக் காட்டியபோது ராட்டையை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளையை நம்பிக் கட்டிக்கொடுத்து, போன இடத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கக் கண்ட பெண்ணின் கதை. பிறகு உறவில் ஒரு பெண்ணுக்கு வெளியூர் சம்பந்தம் வந்தபோது, நேரில் போய் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் தட்டு மாற்றக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள் எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான். குடும்ப நாவல் பெண்களைக் கெடுக்கிறது என்று மேடையில் யார் பேசினாலும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

காஞ்சிபுரத்துக்கு இந்த வாசிப்பு புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நெசவாளர் வீட்டில் பிறந்த அண்ணா 1942-இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியது இந்த ஊரில். அரசியல் கட்டுரைகளோடு கதையும் எழுதினார். அவருடைய 'ரங்கோன் ராதா' 1956-இல் படமாகவும் வந்தது. நெசவுத் தெருக்களின் படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதன் மிச்சம்தான்.

இப்போது அந்த நாவல்களை மறுபடியும் வரிசையாகப் படித்து வருகிறேன். சில இடங்களில் மனம் வலிக்கிறது. கதாநாயகன் பெண்ணைக் கன்னத்தில் அறைகிறான், அடுத்த பக்கத்தில் அவள் அவனையே நேசிக்கிறாள். சிவப்பாக இருந்தால் அழகி, கறுப்பாக இருந்தால் பரிதாபம். பிணம் பெரும்பாலும் பெண்ணின் பிணம், அதை வர்ணிப்பதில் வேண்டாத உற்சாகம். அட்டைப்படம் அதைவிட மோசம். சிறு வயதில் இதையெல்லாம் நான் தூணில் சாய்ந்து கணீரென்று படித்திருக்கிறேன், அம்மாவும் அப்பாவும் இயல்பாகக் கேட்டிருக்கிறார்கள். இவற்றை என் பேத்தி வயதுப் பெண்களிடம் கொடுக்கும்போது இதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

ஆனாலும் தூக்கிப்போட மனம் வராததற்கு நினைவு மட்டும் காரணம் இல்லை. ஒரு வாக்கியத்தில் மழை, ஒரு வாக்கியத்தில் ஆள், மூன்றாவதில் ஆபத்து என்று கதைக்குள் இழுத்துப் போடும் அந்தக் கைத்திறன் இன்று மதிக்கப்படும் பல நாவல்களில் இல்லை. மாதா மாதம் நாள் தவறாமல் எழுதி, இதே ஆட்களை மறுபடியும் வாங்க வைக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் பழகிய கை அது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்தக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் நம்மவர்கள் சிலர் இவற்றை இலக்கிய அரங்கில் பேசவே ஆரம்பித்தார்கள். நம் வீட்டுப் பரணில் கிடந்ததற்கு மரியாதை ஆங்கிலம் வழியாக வர வேண்டியிருந்தது எனக்கு வருத்தம்தான்.

எங்கள் தெருவில் இப்போது தறிச் சத்தம் அபூர்வம். பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். எதிர் வீட்டுப் பையன் ஒருநாள் காதுக் கருவியை எடுத்து என் காதில் வைத்தான். ராஜேஷ்குமார் கதையை யாரோ உணர்ச்சியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வரும் வழியெல்லாம் இதைத்தான் கேட்கிறானாம். அவனுடைய தாத்தா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து கதை கேட்டவர்.

கதை செல்போனில் பிழைத்துக்கொள்ளும். ஆபத்து தாளுக்குத்தான். இவை அச்சானது மலிவான மரக்கூழ்த் தாளில். மரத்தில் உள்ள லிக்னின் அதிலேயே தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கிறது, பிறகு தொட்டாலே உதிர்கிறது. நடுவில் குத்திய பின் துருப்பிடித்து அந்த இடத்தை அரித்துவிடும். இராமபாணப் பூச்சி தன் பங்குக்குத் துளைக்கும். நான் செய்வது இதுதான்: துருப்பிடித்த பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூலால் தைக்கிறேன். செல்லோ டேப் ஒட்டுவதே இல்லை, அதன் பசை சில ஆண்டுகளில் எழுத்தையே தின்றுவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வெயில் படாத தட்டில் வைக்கிறேன்.

நூலகங்களில் இவற்றை வரிசை விடாமல் பார்ப்பது அரிது. படித்ததும் தூக்கிப்போட என்றே அச்சடித்ததை யார் சேர்த்து வைத்திருப்பார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வேறு மாதிரி மனிதர். மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீசையும் அழைப்பிதழையும் பாட்டுப் புத்தகத்தையும்கூட வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-இல் இறந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, அதைக் கொண்டே சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கும். வீடு இடிக்கும்போதோ, பெரியவர்கள் காலமானபோதோ அதைப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்துவிடாதீர்கள். முதலில் பிரித்துப் பாருங்கள். முன்னட்டையும் பின் விளம்பரமும் வாசகர் கடிதப் பக்கமும் முழுதாக இருக்கிறதா, எந்த மாதம் எந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், அந்தப் பட்டியலோடு தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள், உங்கள் ஊர் நூலகரையும் கேளுங்கள். அதற்குப் பிறகு எடைக்குப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.