மூக்குப் பேராசிரியர்

ஜோசப் கார்ப்யூ 1764இல் லண்டனில் பிறந்தவர். வீட்டில் பாதிரியார் ஆக்கப் பார்த்தார்கள். மனுஷனுக்கோ புத்தகக் கடை, வக்கீல் தொழில், நாடக மேடை என்று ஆசை தாவிக்கொண்டே போனது. கடைசியில் அறுவை மருத்துவராகிக் கத்தியை எடுத்தார். 20 கினி கட்டணம் வாங்கிக்கொண்டு உடற்கூறும் சொல்லிக்கொடுத்தார்.

ஆராய்ச்சி ஆர்வத்துக்குக் குறைவில்லை. சிலுவைச் சித்திரங்களில் உடம்பு சரியாகத் தொங்குகிறதா என்று 1801இல் மூன்று கலைஞர்களுக்குச் சந்தேகம் வந்தது. கொலைக்காகத் தூக்கில் தொங்கிய ஜேம்ஸ் லெக்கின் உடல் சூடு ஆறுவதற்குள் அதைச் சிலுவையில் அறைந்து, பிறகு தோலையும் உரித்துக் கொடுத்தார் நம்மவர். அதிலிருந்து எடுத்த வார்ப்பு இன்றும் லண்டன் ராயல் அகாடமியில் இருக்கிறது. நெறிமுறைக் குழு என்ற ஒன்று அன்றைக்கு இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

இதற்கெல்லாம் முன்பே, 1794இல், ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ ஒரு சேதி போட்டிருந்தது. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். புனே பக்கம் செங்கல் அறுக்கும் குலத்து ஆள் ஒருவர் மெழுகில் மூக்கு பிடித்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். தோலைக் கீறி, புருவ நடுவில் மட்டும் ஒட்டு விட்டு, அப்படியே திருப்பி மூக்காக்கினார். ஒட்டவைக்கப் பூசியது, வெற்றிலையோடு மெல்லுகிற காசுக்கட்டி. பம்பாய் மருத்துவர்கள் இருவர் நேரில் பார்த்திருக்கிறார்கள். இலட்சுமணன் காலத்திலிருந்தே மூக்கறுப்பு நடக்கும் நாட்டில் ஒட்டுகிறவருக்கு வேலை இல்லாமலா போகும்?

புனேக்காரர் செய்துமுடித்ததைக் கார்ப்யூ வகுப்பில் பேசினார், பிணங்களின் மேல் பழகினார், இந்தியா போய்வந்தவர்களைக் குடைந்தார். மதராஸில் லூகாஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கற்றுச் செய்தார் என்று கார்ப்யூவே எழுதுகிறார். இருந்தும் 20 ஆண்டு ஓடிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. மூக்கில்லாதவர் ஒருவர் தாமாக முன்வர வேண்டுமே!

1814 அக்டோபரில் ஒரு ராணுவ அதிகாரி வந்தார். கல்லீரலுக்கென்று மருத்துவர்கள் கொடுத்த பாதரசம் அவர் மூக்கைத் தின்றிருந்தது. மயக்க மருந்து வர இன்னும் 32 ஆண்டு இருந்தது. மனிதர் அசையாமல் கிடந்தார். கட்டைப் பிரித்தபோது கூட இருந்த நண்பர், நிஜமாகவே மூக்கு இருப்பதைக் கண்டு கடவுளைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்து இன்னொரு அதிகாரி, இன்னொரு மூக்கு. 1816இல் புத்தகம் வந்தது, அதே ஆண்டில் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் வந்தது. செங்கல்காரர் மொத்தம் எத்தனை மூக்கு வைத்தார் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லை. கார்ப்யூ கணக்கு சுத்தம்: இரண்டே மூக்கு, ஒரு புத்தகம். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணும் இன்றைய பேராசிரியர்கள் பெருமூச்சு விடலாம்.