டு த பெஸ்ட் ஆஃப் அவர் நாலெட்ஜ்: ஒரு தொடர் பற்றிய சிற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில், பெரும்பாலும் முன்னுரையின் கடைசிப் பத்தியில், ‘டு த பெஸ்ட் ஆஃப் அவர் நாலெட்ஜ்’ (எமக்குத் தெரிந்த வரையில்) என்றொரு தொடர் குடியிருக்கிறது. ‘எங்களுக்கு முன் இதை யாரும் செய்ததில்லை’ என்று மார்தட்டவும், யாராவது செய்திருந்தால் நழுவவும் ஒருசேர உதவுவது இது. இதன் உருவம், உரிமை, எல்லை ஆகிய மூன்றையும் யாம் ஆராய்ந்தோம்.

இயல் 1: உருவம்

‘டு அவர் பெஸ்ட் நாலெட்ஜ்’ என்று எழுதுவோர் நம்மிடையே உண்டு. அப்படி எழுதினால், எங்களிடம் மட்டரக அறிவும் கொஞ்சம் இருக்கிறது, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று தொனிக்கும். சுருக்கம் வேண்டுவோருக்கு ‘டு அவர் நாலெட்ஜ்’ போதும். வாக்கியத்தின் தலையில் வந்தால் அடுத்து ஒரு காற்புள்ளி இட வேண்டும். நாலெட்ஜுக்குப் பன்மை கிடையாது. ஐந்து பேர் கூடி எழுதினாலும் அறிவு ஒருமைதான்.

தம் கையால் செய்ததற்கு இத்தொடர் ஆகாது. ‘எமக்குத் தெரிந்த வரையில், 40 எலிகளுக்கு மருந்து கொடுத்தோம்’ என்று எழுதினால், கூண்டைப் பூட்டியது யார் என்ற கேள்வி எழும்.

இயல் 2: உரிமை

‘அவர்’ (எமது) என்ற ஆங்கிலப் பன்மைக்கு உரியவர் யார்? 1975இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தனி ஒருவராக எழுதிய கட்டுரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே தட்டச்சு செய்திருந்தார். தனி ஆசிரியருக்குப் பன்மை ஆகாது, பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் திருப்பி அனுப்பிவிடும் என்றார் சக ஊழியர். கணினியில் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத காலம். மறுபடி முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டும். ஹெதரிங்டன் தம் சயாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியர் ஆக்கினார். கட்டுரை வெளிவந்தது. இலக்கணம் பிழைத்தது. பூனை வளர்க்காதவர்கள் ‘மை நாலெட்ஜ்’ என்று எழுதிவிடுவதே உத்தமம்.

இயல் 3: எல்லை

அறிவின் எல்லை, தேடலின் எல்லையே. 1994இல் டயாபடீஸ் கேர் என்ற மருத்துவ இதழில், ரத்தச் சர்க்கரை வரைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட ஒரு புதிய முறை வெளியானது. கண்டுபிடித்தவர் அதற்குத் தம் பெயரையே சூட்டினார். அது கல்லூரிக் கணித மாணவர்கள் படிக்கும் சரிவக விதிதான் என்று ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்தன. பாபிலோனியர்கள் கி.மு. 350க்கும் 50க்கும் இடையில், வியாழன் நகர்ந்த தொலைவைச் சரிவகத்தின் பரப்பைக் கொண்டே கணக்கிட்டு, களிமண் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். இது 2016இல் சயன்ஸ் இதழில் வெளியான செய்தி. எனவே மருத்துவ நூல்களை மட்டும் புரட்டியவர், ‘மருத்துவ நூல்களில் எமக்குத் தெரிந்த வரையில்’ என்று வேலி போட்டுக்கொள்வது நலம்.

முடிவுரை

ஒரு கட்டுரைக்கு இத்தொடர் ஒருமுறை போதும். வைவாவில் புறத்தேர்வாளர், ‘எங்கெல்லாம் தேடினீர்கள், என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்?’ என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல முடியுமா? முடியுமென்றால் தாராளமாக எழுதுங்கள். முடியாதென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆய்வுக்கு அதனால் ஒரு குறையும் வராது.